நாலு போல்ட் பாக்கி

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் வாடகைக் காரின் எஞ்சின் செத்துப்போனது. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் ஒரு டிரம்மைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவிலேயே வண்டியை ஓட்டியவன் நான். சாம்பல் உள்ளே போய் சிலிண்டரைத் தின்றுவிட்டது. புது எஞ்சின் கேட்டு மதராசுக்கு எழுதினால் பதில்கூட வராது. பழசுதான் தேட வேண்டும். அதுவும் என் வண்டிக்குப் பொருந்துகிற பழசு.

எனக்கோ அவசரம். மனைவி தலைப்பிரசவத்துக்குச் சாத்தான்குளத்துக்குத் தெற்கே தாய்வீட்டில் இருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி காணும் முன்பே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், மாட்டுவண்டியில் குலுக்கிக் கொண்டுவராதீர்கள் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அங்கிருந்து ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைல். நானே காரில் வந்து கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வேறொருவர் காரை அனுப்பியிருக்கலாம். கார்க்காரன் பெண்டாட்டி அடுத்தவன் காரில் போவதா என்ற வீம்பு எனக்கு.

எங்கள் தூத்துக்குடியில் அப்போது கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்தில் ஆழத்தில் நிற்கும். சரக்குத் தோணிகளை அதுவரை இழுத்துப்போக லாஞ்சு வைத்திருந்தார் கடற்கரைத் தெரு அண்ணாச்சி ஒருவர். பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் டீசல் எஞ்சின் எடுத்து மாட்டிவிட்டு, பழையதை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். லாஞ்சில் ஓடினாலும் அது கார் எஞ்சின்தான், அதுவும் என் காரின் அதே கம்பெனி.

பழைய காலண்டர் அட்டை ஒன்றைக் கியர்பாக்ஸ் முகத்தில் வைத்து, போல்ட் துளைகளைக் குறித்து வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். மணலில் சாக்குமேல் எஞ்சின் கிடந்தது. அட்டையை அதன் முதுகில் வைத்தேன். எல்லாத் துளையும் அச்சு அசலாகப் பொருந்திற்று. எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

“உப்புத்தண்ணிய ஒரு நாளும் உள்ள விட்டதில்ல தம்பி. நல்லதண்ணி பீப்பா வச்சுதான் ஓட்டுனேன்” என்றார் அண்ணாச்சி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே துரு இல்லை. அவர் பொய் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் அவரே கயிறும் கப்பியும் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மூன்று சவுக்குக் கம்புகளை நட்டு எஞ்சினைத் தூக்கி இறக்கினோம். மத்தியானம் மாமனாரின் கடிதம் வந்தது. மகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, சீக்கிரம் வரவும் என்று இரண்டே வரி. கணக்குப்படி இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எங்கள் வேதக்கோயில் மணி அடித்தது. மறுநாள் திருவிருந்து, அப்பமும் ரசமும் எடுக்கும் நாள். முந்தின மாலை ஆயத்த ஆராதனைக்குப் போகாமல் எங்கள் குடும்பத்தில் யாரும் திருவிருந்து எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று அடுப்புக்கூட மூட்டமாட்டோம். முந்தின நாளே ஆக்கித் தண்ணீர் ஊற்றிய சோறுதான். இதில் என் மனைவி என்னைவிடக் கண்டிப்பு.

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

“நாலு போல்ட்டும் ரேடியேட்டரும்தான தம்பி பாக்கி. ஒரு மணி நேரம். முடிச்சிட்டுப் போவலாம்லா?”

“நேரமாச்சு அண்ணாச்சி.”

“அப்பம் நாளைக்கு மாதா கோயில் பூசை முடிஞ்சதும் நான் வாறேன். நீங்க தொடாண்டாம். நானே முடுக்கிருதேன்.”

“ஞாயித்துக்கிழம என் வீட்டு வாசல்ல வேல நடக்கக்கூடாது.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார். நான் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மறுநாள் மூன்று வேளையும் பழையதைத் தின்று, வேதம் வாசித்து, பெரிய பரிசுத்தவான் மாதிரி இருந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் நாலு போல்ட்டை முடுக்கி, ரேடியேட்டரை மாட்டினேன். முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்ற, இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் ஒரு செருமல்கூட இல்லை. மாமனார் வீடு பூட்டிக் கிடந்தது.

“நேத்து மத்தியானமே வலி கண்டுட்டு” என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. “காரு வரும், காரு வரும்னு பொழுது சாயுத வரைக்கும் வண்டி கட்ட விடலியே அவ. பொறவுதான் கட்டுனாவ.”

ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். ஆண் குழந்தை. மாட்டுவண்டியிலேயே உயிர் போய்விட்டதாம். இனிமேல் பிள்ளை கிடையாது என்றும் டாக்டரம்மா சொன்னார். மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி கண் விழித்ததும், “எஞ்சின் கெடைக்கலியா?” என்று கேட்டாள்.

“கெடச்சுது. துளை சேரல. இன்னைக்குக் காலைலதான் சரிக்கட்டுனேன்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க என்ன செய்வீய” என்றாள். அப்போதே நான் செத்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அவள் தூத்துக்குடி வந்தாள். துக்கம் கேட்க அண்ணாச்சி வந்தார், ஒரு சீப்புப் பழத்தோடு. பேச்சுக்கு இடையே எஞ்சினைப் பற்றிக் கேட்டார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

“துளை சேரலன்னு இவிய சொன்னாவ” என்றாள் மனைவி.

“துளையா? அச்சு அசலாப் பொருந்திச்சே! நாலு போல்ட்டுதாம்மா பாக்கி. ஞாயித்துக்கிழம நான் வந்து முடுக்குதேன்னேன். தம்பிதான்...” அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். பாதியில் நிறுத்தினார்.

அவள் எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்தாள். அவருக்கும் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். அன்றும் அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு காலை நான் கோயிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரையிலிருந்து புகை வந்தது. போய்ப் பார்த்தேன். குந்தியிருந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உலை கொதித்தது.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழம” என்றேன்.

“தெரியும்” என்றாள்.