பூர்ணிமா திருடித் தின்னவில்லை

என் தங்கை பூர்ணிமா பொய் சொல்லுகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

என் பெயர் பெத்துராஜ். கல்கத்தாவில் கரியாஹாட் பக்கம் எங்கள் அப்பா ஆரம்பித்த மளிகைக் கடையை நடத்துகிறேன். இட்லி அரிசி, புளி, அப்பளம், பெருங்காயம் என்று நம்மூர்ச் சாமான் எல்லாம் உண்டு. பூர்ணிமா இந்த ஊரிலேயே பிறந்தவள். கோபம் வந்தால் அவளுக்கு வங்காளம்தான் வரும். ஹவுரா ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கிளார்க். மூட்டையைத் தூக்கிப் போட்டு உடைத்த போர்ட்டரை அவள் திட்டுவதைக் கேட்கவே ஆட்கள் நிற்பார்கள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு எங்களோடு இருந்துவிட்டாள்.

முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு வயிறு கெட்டது. கல்கத்தாவில் வயிறு கெட்டால் யார் மதிக்கிறார்கள்? ஊருக்கே அந்த வியாதிதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் தன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் தன் நெஞ்செரிச்சலைச் சொல்வார். ஆறு வருடம் பார்த்த டாக்டர் எல்லாரும் ‘கேஸ்’, வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதித் தந்தார்கள். இவள் முப்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கினாள். வீட்டுப் படியில் லேசாகத் தடுக்கிக் கை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு டாக்டரம்மா சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்தார், வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி சதை கிள்ளிப் பார்த்தார். சீலியாக் என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இவள் குடலைக் கெடுக்கிறதாம். மருந்து கிடையாது. ஆயுசுக்கும் கோதுமை ஒரு துளி உள்ளே போகக்கூடாது.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இம்புட்டுத்தானா? நாம என்ன ரொட்டி தின்னா வளந்தோம்? சோறும் இட்லியும் இருக்கு, போங்க” என்றாள் என் மனைவி கல்யாணி.

பூர்ணிமாவுக்கு லூச்சி என்றால் உயிர். மைதாவில் பொரித்த அந்தப் பூரியை அன்றோடு விட்டாள். புச்கா என்கிற பானிபூரி, பிஸ்கட், சிங்காரா என்கிற சமோசா எல்லாம் போனது. துர்கா பூஜா சமயத்தில் ஆபீசில் ஊட்டிவிடாத குறையாகக் கெஞ்சுவார்கள், கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று. இவள் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். இருந்தும் குடல் ஆறவில்லை. வயிறு ஊதும், பேதி போகும், வலிக்கும். எடை ஏறவே இல்லை.

அப்போதுதான் டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். கோதுமையை விட்டும் ஆறாத குடலுக்கு ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, இங்கே இருபது பேருக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். பூர்ணிமாவுக்கு வேறு வழி இல்லை, இதுதான் கடைசி என்று என்னிடம் தனியாகச் சொன்னார். சேர நிபந்தனை உண்டு. ஒரு வருடம் கோதுமை படவில்லை என்று ரத்தம் காட்ட வேண்டும். வாயில் போடுவதையெல்லாம் டைரியில் எழுத வேண்டும். பார்சல் சீட்டு எழுதுகிற கையெழுத்தில் ஒரு நாள் விடாமல் எழுதினாள். ஊறுகாய்த் துண்டைக்கூட விடவில்லை.

வருடம் முடிந்து ரத்தம் பார்த்தார்கள். கோதுமை பட்டதைக் காட்டும் எண் இறங்கவே இல்லை. “டைரியில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்” என்று டாக்டரம்மா வங்காளத்தில் சொல்லிவிட்டு, சொன்ன பேச்சு கேட்காத நோயாளி என்று கோப்பில் எழுதி இவள் பெயரை அடித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில், பிளாட்பாரத்தில், நாலு பேர் பார்க்கக் கத்தினேன்.

“ஆபீஸ்ல எவளோ நீட்டுனத அமுக்கிட்டு, வீட்டுல வந்து யோக்கியம் மாதிரி டைரி எழுதுறியா? அறிவிருக்கா ஒனக்கு?”

“நான் திங்கலண்ணே.”

“பின்ன உன் ரத்தம் மட்டும் தனியாப் போயித் தின்னுட்டு வந்துச்சோ?”

போர்ட்டர்களை அதட்டுகிறவள், என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்று சாயங்காலமும் வயிறு ஊதி வலி வந்தது. கோபமெல்லாம் ஒரு பக்கம், அண்ணன் இல்லையா நான்? வழக்கம்போலக் கடையிலிருந்து வந்து மோரில் ஒரு ஸ்பூன் பெருங்காயத்தூளைக் கலக்கிக் கொடுத்தேன். வயிற்று வலிக்கு எங்கள் வீட்டில் அதுதான் கைவைத்தியம். வாரத்தில் நாலு நாள் அது நடக்கும்.

இரண்டு மாதம் கழித்து, ஆராய்ச்சியில் சாப்பாட்டைக் கவனிக்கும் பெண், மௌமிதா என்று பெயர், வீட்டுக்கு வந்தாள். இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர் பொய் எழுதுவாரா என்று அவளுக்கு உறுத்தியிருக்கிறது. அந்நியப் பெண்ணுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பின்பக்கம் படித்தாள். பெருங்காய டப்பாவில் நின்றுவிட்டாள்.

“அண்ணா, இதில் பாதிக்கு மேல் கோதுமை மாவு.”

கூட்டுப் பெருங்காயம் என்றாலே மாவும் பிசினும் கூட்டியதுதான். முப்பது வருடமாக விற்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பெருங்காயத்தை எவன் சாப்பாடு என்று நினைப்பான்? அது மருந்து. அதனால்தான் டைரியிலும் ‘மோர்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். சாம்பாரில், ரசத்தில், ஊறுகாயில் விழுந்தது போதாதென்று வலிக்கும்போதெல்லாம் ஸ்பூன் கணக்கில் நானே ஊற்றியிருக்கிறேன். அடப்பாவி என்று என்னையே நான் அறைந்துகொண்டேன்.

அன்றே நிறுத்தினோம். மூன்று மாதத்தில் எண் இறங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இருபது இடமும் நிரம்பியிருந்தது. இருந்தாலும் டாக்டரம்மா திரும்பவும் குழாய் விட்டுப் பார்த்தார். இத்தனை வருடம் ஆறாமல் கிடந்த குடலில் புற்று பிடித்திருந்தது. இனி இடமே காலியானாலும் அந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது, கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்றார். பூர்ணிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம் கேட்கும் படிவத்தில் பெருங்காயம் என்று இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம். யாருக்காவது உதவட்டும். பூர்ணிமாவுக்கு உதவவில்லை.

போன வாரம் அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து, எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“ஒன்ன இந்தக் கதிக்கு ஆக்குனது நாந்தான் பூர்ணிமா. நம்பாமத் திட்டவும் செஞ்சேன்.”

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“அந்தப் பெருங்காய நாத்தம் எனக்குச் சின்னதுலேருந்தே ஆகாதுண்ணே” என்றாள். “நீ கடையப் போட்டுட்டு ஓடியாந்து கலக்கித் தர்றியேன்னு மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்.”