வராந்தாவுக்குக் கீழே அக்கா கட்டிய சுவர்

என் அக்கா கோபம் வந்தால் கத்தமாட்டாள். கத்துகிறவர்களுக்குக் கோபம் வாய் வழியாகப் போய்விடும். அவளுக்கு அது உள்ளேயே உட்கார்ந்து சோறு தின்னும்.

அவள் வீடு சரிவில் மேல்பக்கம். கீழ்ப்பக்கம் அவள் கொழுந்தன் வீடு. எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பதால் தெருவில் அவருக்கு வாய்தா என்று பெயர். மரச்சாமான் செய்கிறவர். அத்தான் நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவும் நானும் கூடவே இருந்தோம், வீடு பூட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து வாய்தா, இழைப்பு மெஷினுக்குக் கொட்டகை போட வேண்டுமென்று, அக்கா வீட்டு வராந்தாவுக்கு அடியிலிருந்த சரளை மண்ணைச் செங்குத்தாக வெட்டி எடுத்துவிட்டார். அதைத் தன் பள்ளமான முற்றத்தில் கொட்டி மட்டமாக்கிக்கொண்டார்.

இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வழி முழுக்க அத்தான் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "வராந்தாவுல கட்டிலைப் போடு. காத்து வாங்கணும்."

வந்து பார்த்தால் வராந்தாத் தரையில் கை நுழைகிற வெடிப்பு. ஒரு மூலை அந்தரத்தில் தொங்கியது. உள் அறையில், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தபடியே அத்தான் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்த வாய்தாவின் முன் அக்கா அழவில்லை. "எடுத்த மண்ணை நீயே தலையில சுமந்து என் வாசல்ல கொண்டாந்து கொட்டுவே" என்றாள்.

"மண்ணுல என்ன அண்ணி, உங்க பேரா எழுதியிருக்கு?" என்றார் அவர்.

"ஆண்டவன்கிட்ட விட்டுடு அக்கா" என்றேன் நான்.

"அவருக்கு ஆயிரம் வேலை. இதை நான் பாத்துக்கறேன்."

கொத்தனாரை வரவழைத்தாள். வெடித்த தரையைப் பெயர்த்துவிட்டு, தன் எல்லைக்குள்ளேயே அடிப்பக்கம் அகலமாக, உள்பக்கம் சற்றுச் சாய்வாகக் கருங்கல்லில் தாங்கு சுவர் எழுப்பச் சொன்னாள். சுவருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கினால் அது சுவரைத் தள்ளிவிடும். அதனால் கீழ்வரிசையில் குழாய்த் துண்டுகளைப் பதித்துத் துளை விடுவார்கள். துளைகள் திறந்தது வாய்தாவின் கொட்டகைக்குள். அதற்குப் பின்சுவரே இல்லை. அக்காவின் மண்ணையே சுவராக வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் எடுத்தா தண்ணி தெருவுக்குப் போயிடும்மா" என்றார் கொத்தனார்.

"அவர் இடத்தை வெட்ட நாம யாரு? அடுத்தவங்க இடத்தை வெட்டுறது அவருக்குத்தான் கைவந்த கலை."

"பின்னால ரொப்பச் சரளை வேணும். களிமண் தண்ணி குடிச்சா வீங்கும்."

"என் சரளை எங்க கிடக்குன்னு உங்களுக்கே தெரியும். இப்பக் களிமண்ணே போடுங்க. துளைதான் இருக்கே."

மண் இறுகட்டும் என்று தரையை மட்டும் போடாமல் விட்டார் கொத்தனார். மழை பிடித்துக்கொண்டது. துளைகள் ஒழுகி, கீழே அடுக்கியிருந்த பலகைகள் ஊறின.

"அண்ணி! உங்க சுவரு என் கொட்டகையில ஒண்ணுக்குப் போகுது!" என்று வாய்தா கத்தினார்.

"நாளைக்குப் பாக்கலாம் தம்பி" என்றாள் அக்கா. தெருவே சிரித்தது.

வாய்தா கந்தல் துணியைத் திணித்து, மேலே சிமெண்டைப் பூசித் துளைகளை அடைப்பதை நானே பார்த்தேன். ஓடிவந்து சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அடைச்சானா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அடைப்பார் என்று தெரிந்தேதான் அங்கே துளை வைத்திருக்கிறாள்.

"சுவர் விழுந்தா உன் வராந்தாவும் போயிடுமே அக்கா!"

"உங்கத்தான் படுக்காத வராந்தா இருந்தா என்ன, போனா என்ன?"

"ஆள் இருக்கும்போது விழுந்தா பாவம் அக்கா."

"உசுருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நானும்தான் வேண்டிக்கிட்டேன்" என்றாள், மடிப்புக் கலையாமல்.

மழை விடவில்லை. சுவர் நிறைமாதக்காரி வயிறு போல முன்னால் தள்ளியது. வாய்தா தலைதெறிக்க ஓடிக் கொத்தனாரை இழுத்துவந்தார். கொத்தனார் சிமெண்டைத் தட்டித் துணியை இழுத்துப் போட்டதும் செம்மண் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"இது பத்தாது. மேல இருந்து களிமண்ணை எடுத்துட்டுச் சரளை ரொப்பணும். இல்லேன்னா மெஷினோட சேத்து மூடிடும். என் ஆளுங்களை இதுல விடமாட்டேன்."

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? துளையை அடைச்சவன் பாத்துக்கட்டும்" என்றாள் அக்கா மேலிருந்து.

"இந்த மழையில சரளைக்கு எங்க போவேன்?" என்றார் வாய்தா.

கொத்தனார் அவர் முற்றத்தைப் பார்த்தார். "காலடியிலதான கிடக்கு."

வாய்தா மண்வெட்டி எடுத்தார். களிமண்ணை அள்ளி இறக்கினார். பிறகு தன் முற்றத்தைத் தோண்டி, கூடை கூடையாகத் தலையில் சுமந்து, படியேறி வந்து கொட்டினார். அக்கா வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"போதும்ல அண்ணி? சுவரு நின்னுடுச்சு."

"நீ எடுத்தது இவ்வளவுதானா?"

அவர் காலிக் கூடையோடு மறுபடி இறங்கிப்போனார். மனசு கேட்காமல் நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோனேன்.

"குடு, குடு. சுமக்கத் தெம்பு வேணும்ல" என்றாள் அக்கா.

அவருடைய முற்றம் பழையபடி பள்ளமான பிறகுதான் அவள் எழுந்தாள்.

பிதுங்கின இடத்தைப் பிரித்துக் கட்டி, வராந்தாவுக்குப் புதுத் தரையும் போட்டாயிற்று. அதில் அத்தானின் கட்டில் கிடக்கிறது. யாரும் படுப்பதில்லை. கொட்டகையிலிருந்து வாய்தா வெளியே வந்து நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். அதற்காகவே ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறாள். இருவர் மனசும் இளகட்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கட்டில் மெத்தையை வெயிலில் தட்டி, உறை மாற்றிப் போடுவதும் நான்தான்.