கல்சட்டியின் அடி

கல்சட்டியின் அடியில் கரண்டி உரசும் சத்தத்தோடுதான் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சாப்பாடு தொடங்கும். சாம்பாரின் அடியில் தங்கிய கெட்டிப் பருப்பை அம்மா முதலில் அப்பாவுக்கும் பிறகு எனக்கும் அள்ளி வைக்கும்போது எழுந்த அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சைவச் சாப்பாட்டில் புரதம் போதுமா என்று இப்போது கல்யாணப் பந்தியில்கூடப் பேசுகிறார்கள். 'நம்ம சாப்பாட்டுல இல்லாத சத்தா' என்று மார்தட்டும் என் வயதுக் கிழவர்களைக் கண்டால் ஆத்திரமாக இருக்கிறது. சத்து இருந்தது. அது யார் தட்டில் இருந்தது என்று எவனும் கேட்டதில்லை, நானும்தான்.

அப்பா பஜாரில் ஒரு பருப்பு மண்டியில் குமாஸ்தா; துவரையும் கடலையும் மூட்டை மூட்டையாக இறங்கிய தெருவில்தான் குடியிருந்தோம். ஆண்கள் சாப்பிட்டு எழும்வரை சட்டியைக் கலக்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் மிஞ்சியது மேலே நின்ற புளித்தண்ணீர். அதற்கு 'தெளிவு' என்று பெயர். பாலும் அப்பாவின் காப்பிக்கும் என் டம்ளருக்கும்தான்.

பதினான்கு வயதில் அக்காவுக்குக் கால் வீங்கியது, தலைமுடி கொத்தாகக் கொட்டியது. "இந்தக் குட்டிக்குப் பருப்பும் பயறும் பாலும் நன்னாக் கொடுக்கணும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "எங்காத்துல பருப்பில்லாத நாள் உண்டோ டாக்டரே?" என்றார் அப்பா. அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மறுநாள் நாங்கள் சாப்பிட உட்காருமுன் அக்கா கரண்டியை விட்டுச் சட்டியை அடிவரை கலக்கினாள். நான் பார்த்தேன். என் சோற்றில் சாம்பார் தண்ணீராக ஓடியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அக்கா கலக்கிட்டா."

எனக்குப் பத்து வயது. அன்று பெரிய பசிகூட இல்லை.

"வளர்ற பிள்ளை வாயில போறதுல நோக்கு என்னடி பங்கு?" என்றார் அப்பா. அக்கா அதன்பின் அந்தக் கரண்டியைத் தொடவில்லை. அந்த மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். நடக்கத் தெம்பில்லாதவளுக்குப் படிப்பு எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள். அவள் பங்கையும் தின்றுவிட்டு நான் எம்.ஏ. வரை படித்தேன்.

போன வாரம் அக்காவைப் பார்க்க மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தேன். மண்டி இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கிறார்கள். கல்சட்டியும் இல்லை, எவர்சில்வர் பாத்திரம்தான். முதுகு வளைந்து, என் தோளுக்குக்கூட எட்டாத அக்கா, "உட்காருடா அம்பி" என்று என்னை முதலில் உட்கார வைத்து, பாத்திரத்தின் அடியைத் துழாவி எனக்குப் பருப்பை அள்ளினாள்.

கரண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கி, அடிவரை கலக்கி, அவள் தட்டில் முதலில் ஊற்றினேன். அவள் பல்லில்லாத வாயால் சிரித்தபடி,

"அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.