நின்ற இடத்தில் ஓடிய வண்டி

1. கேட்டுக்குப் பக்கத்துப் பட்டறை

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் மூடினதுதான். கூட்ஸ் ஷண்டிங் முடிந்து, பாசஞ்சர் போய், கேட் திறப்பதற்குள் பஸ்ஸில் இருக்கிறவர்கள் இறங்கி டீ குடித்து, அரசியல் பேசி, சண்டையும் போட்டுச் சமாதானமாகிவிடுவார்கள். என் பட்டறை அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நிற்கிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே தொழில் படித்தவன் நான். உள்ளே உட்கார்ந்தபடியே, "யோவ் டிரைவரே, டேப்பெட் லூசு" என்று கத்துவேன். அவர் திட்டிக்கொண்டே இறங்கி பானெட்டைத் திறப்பார். பிறகு அவரே டீ வாங்கித் தருவார். எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

இப்போது பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிற பிள்ளைகள் மீட்டரை மட்டும் படம் பிடித்து எனக்குப் போனில் அனுப்புகிறார்கள். "இவ்ளோ ஓடியிருக்கே, வாங்கலாமா சார்?" கல்யாணத்துக்குப் பெண்ணின் வயதை மட்டும் சொல்லிச் சம்மதமா என்று கேட்பதுபோல இருக்கிறது. எரிச்சலாக வருகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. சிவப்பு வண்டி

எழுபதுகளில் நடந்தது. நில உச்சவரம்புச் சட்டம், குத்தகை வழக்கு, கூலிப் போராட்டம் என்று ஊருக்கு ஊர் கொடி பறந்த காலம். பட்டறைக்கு வருகிறவர் எந்தக் கொடி என்று தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் தரங்கம்பாடியிலிருந்து ஜோசப் என்பவர் வந்தார். கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. லீவில் வந்திருந்தார். "அண்ணே, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வந்திருக்கு. கப்பல்ல சேத்த காசு பூரா இதுலதான் போடப் போறேன். நீங்க பாத்துச் சரின்னா வாங்குறேன். வேணாம்னா திரும்பிப் பாக்காமப் போயிடறேன்" என்றார். சின்ன வயதில் எந்தத் துறைமுகத்திலோ அப்படி ஒரு வண்டியைப் பார்த்ததிலிருந்து இதே கனவாம்.

வெண்ணாற்றங்கரையில் ஒரு மிராசு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிராசுதார் இறந்துவிட்டார். நிலம் சட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவர் மனைவி ராஜலட்சுமி அம்மா வீட்டை ஒழித்துக்கொண்டு சென்னையில் மகனோடு போய் இருக்கப் போகிறார். வாசலில் காயலான் கடை சம்பந்தம் மாட்டு வண்டியோடு காத்திருந்தார்.

"மேஸ்திரி, சட்டுனு பாத்து வேணாம்னு சொல்லிட்டுக் கெளம்புங்க. நான் வெட்டி எடுத்துட்டுப் போகணும்" என்றார்.

"வெட்டுறதுக்கு இது என்ன வாழைத்தாரா? சும்மா இருய்யா" என்றேன்.

ஆக, நான் வேண்டாம் என்று சொன்னால் அந்த வண்டி அன்றைக்கே துண்டு துண்டாகிவிடும். சரி என்று சொல்லி, அது நடுரோட்டில் நின்றால் ஜோசப் ஓட்டாண்டி. இரண்டுமே என் வாயில்தான் இருந்தது.

கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். சீமையில் செய்த இரண்டு சீட் வண்டி. நீள மூக்கு, கம்பிச் சக்கரம், மேலே கூரைக்குப் பதில் கித்தான். சிவப்புப் பெயின்ட் மங்கியிருந்தது. ஆனாலும் அடேயப்பா! என்ன கம்பீரம்! நான் கொஞ்ச நேரம் தொடாமலே நின்றேன்.

ஜோசப் எட்டி மீட்டரைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. எண்பதாயிரம் மைலுக்கு மேல் காட்டியது. அந்தக் காலத்துக்கு, அதுவும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, அது ஆயுள் முடிந்த கணக்கு.

"பாத்தீங்களா?" என்று சிரித்தார் சம்பந்தம்.

3. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை

மீட்டரை விட்டுவிட்டு நான் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். பெடல் ரப்பரில் வரி அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கில் லொடலொடப்பு இல்லை. முன் சக்கரத்துக் கிங் பின் ஆடவில்லை. கியர் லீவர் புதுசுபோல இறுக்கமாக விழுந்தது. பிரேக் லைனிங் முக்கால்வாசி மிச்சம். பத்தாயிரம் மைல்கூட ஓடாத வண்டிக்குத்தான் இப்படி இருக்கும்.

மீட்டரை யாரோ திருகியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் எந்தப் பைத்தியக்காரன் மீட்டரை ஏற்றி வைப்பான்? இறக்கித்தானே வைப்பான்!

பின்னால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். டிஃபரன்ஷியல் உள்ளே கடகடவென்றது. ஸ்டார் பினியன் பல் தேய்ந்து போன சத்தம். வண்டி வளைவில் திரும்பும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற உதவுவது அந்தப் பல்தான். நேரே போகிற வண்டியில் அதற்கு வேலையே இல்லை. இது எண்பதாயிரம் மைலும் வளைந்துகொண்டே போயிருந்தால்தான் அப்படித் தேயும்.

இன்ஜின் பிளாக்கில் தண்ணீர் வடிக்கிற டிரெயின் பிளக்கைக் கழற்றினேன். துருத் தண்ணீர் வரும் என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தேன். கட்டி கட்டியாக வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். மழமழவென்று, நம் வயல் வண்டல்!

"காருக்குள்ள வண்டல் எப்புடிய்யா வந்துச்சு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றினேன். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ளின. கை அதிர்ந்தது. இவ்வளவு மண்ணை வயிற்றில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு கம்ப்ரஷனா!

ஜோசப் பின் சக்கரத்தடியில் குந்தியிருந்தார். "அண்ணே, இந்த ஹப்புல பாருங்க. சக்கரம் மாட்டுற எடத்துல வேற ஏதோ மாட்டியிருக்காங்க. பெல்ட்டு ஒரசுன தடம் இருக்கு. கப்பல்ல நாங்க மைல் பாக்க மாட்டோம், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னுதான் பாப்போம். இது ரோட்டுல ஓடல. நின்ன எடத்துல ஓடியிருக்கு" என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. மீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருகிறது. வண்டி நின்றாலும், ஷாஃப்ட் சுற்றினால் மீட்டர் ஏறும்.

நான் நிமிர்ந்து ராஜலட்சுமி அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

4. அம்மா சொன்னது

"சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னாங்க மேஸ்திரி. அதான் சொல்லல" என்று ஆரம்பித்தார்.

"ஒரு வருஷம் ஆத்துல தண்ணி வரல. மடுவுல மட்டும் கெடந்துச்சு. நடவு முடிஞ்ச நேரம். எங்க டீசல் இன்ஜின அதுக்கு முன்னாடிதான் தகராறுல கொளுத்திட்டாங்க. பம்பு மட்டும் தப்பிச்சுது. அந்தக் கேஸுக்காக வீட்டுக்காரர் தஞ்சாவூர்லயே தங்கிட்டார். கேஸுல குத்தகைக்காரங்க தலைவர் வீரையன் பேரும் இருந்துச்சு. அந்த வீரையனே ஒரு நாள் காலையில வாசல்ல வந்து நின்னார். 'அம்மா, உங்க பயிரும் காயுது, எங்க பயிரும் காயுது. அந்தச் செவப்பு வண்டியக் குடுங்க'ன்னார்."

"குடுத்துட்டீங்களா?" என்றார் ஜோசப்.

"குடுக்க மாட்டேன்னேன். நானே ஓட்டிட்டு வர்றேன்னேன்."

ஆற்றங்கரையில் ஒரு சக்கரத்தைக் கழற்றி, கொல்லர் செய்த புல்லியை ஹப்பில் மாட்டி, பம்புக்கு பெல்ட் போட்டிருக்கிறார்கள். கரை குறுகல். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குத்தான் தோது இருந்தது. மறு பக்கத்துச் சக்கரத்தைத் தரையிலேயே விட்டு, கல் வைத்துச் சுற்றாமல் தடுத்துவிட்டார்கள். ஒரு சக்கரம் நிற்க, மறு பக்கம் மட்டும் சுற்ற, ஸ்டார் பினியன் தேய்ந்த ரகசியம் அதுதான். கரை அகலமாக இருந்து இரண்டு பக்கமும் புல்லி மாட்டியிருந்தால் அந்தப் பல் பிழைத்திருக்கும்.

"யாரு ஓட்டுனது?" என்றேன்.

"நான்தான். சீட்டுல உக்காந்து ஆக்ஸிலேட்டர ஒரே நெதானத்துல புடிச்சுக்குவேன். எங்க வயலுக்கு ஒரு மொறை, அவங்க வயலுக்கு ஒரு மொறை. பெட்ரோல அவங்க வீட்டுக்கு வீடு சேத்து டின்னுல கொண்டாருவாங்க. கேஸு பாட்டுக்குக் கோர்ட்டுல நடந்துச்சு. அடுத்த வருஷமும் இதே கதைதான்."

"மிராசுதார் அய்யா ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"வந்தார். கரையில நின்னு பாத்தார். இன்ஜின் கொதிக்குதுன்னு மட்டும் சொன்னார். பம்புத் தண்ணியில ஒரு குழாய் பிரிச்சு ரேடியேட்டருக்கு விட்டது அவர்தான்."

எத்தனை இன்ஜினைப் பிரித்திருப்பேன்! வெயிலில், காற்றுப் படாமல், சேற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இரண்டு வருஷம், பருவம் முழுக்க ஒரு பந்தய வண்டி ஊருக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறது. வழக்குப் போட்டவன் வயலுக்கும், வழக்குப் போடப்பட்டவன் வயலுக்கும். அதை ஓட்டிய அம்மா என் எதிரில் குற்றவாளிபோல நிற்கிறார். கும்பிடத் தோன்றியது. வெட்கத்தைப் பார்க்காமல் கும்பிட்டேன்.

பிறகு ஜோசப்பிடம் தொழில் பேசினேன். "தம்பி, இன்ஜின் தங்கம். ஒரே வேகத்துல ஓடுன இன்ஜின் தேயாது. ஆனா டிஃபரன்ஷியல் செத்துப் போச்சு. மண்ணு அடைச்ச வாட்டர் ஜாக்கெட்டக் கழுவணும், ஹோஸ் பூரா மாத்தணும். ஸ்டார் பினியன் இந்தியாவுல கெடைக்காது. அது இல்லாம ஓட்டுனா பக்கத்துல இருக்குற கோவில்வெண்ணியக்கூடத் தாண்டாது."

"அத எந்த ஊர்ல செஞ்சாங்களோ அந்த ஊருக்கே எங்க கப்பல் போவுதுண்ணே. நான் கொண்டாரேன். அதுவரைக்கும் ஒங்க பட்டறையில வச்சிருங்க" என்றார் ஜோசப். சம்பந்தம் பக்கம் திரும்பி, "நீங்க போலாம்ணே" என்றார்.

சம்பந்தம் போகவில்லை. வண்டியைத் தள்ள அவரும் ஒரு கை கொடுத்தார்.

5. சோதனை ஓட்டம்

அடுத்த லீவில் ஜோசப் பினியனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மாட்டினோம். கடகடப்பு போயிற்று. குத்தகைக் கணக்குத் தீர்க்கச் சென்னையிலிருந்து ராஜலட்சுமி அம்மாவும் ஊருக்கு வந்திருந்தார். வண்டியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், ஜோசப் இறங்கிச் சாவியை அவரிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க ஓட்டுங்கம்மா" என்றார்.

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கரையோரம் நடவு நடந்துகொண்டிருந்தது. வீரையனின் ஆட்கள்தான். இன்ஜின் சத்தம் கேட்டதும் குனிந்திருந்த பெண்கள் வரிசையாக நிமிர்ந்தார்கள். யாரும் இன்னும் வண்டியைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும்தான் கேட்டார்கள். "ஏ, நம்ம இன்ஜினுடி!" என்று ஒரு குரல் கத்தியது.

பாக்கியம் என்கிற பெண் சேற்றுக் கையோடு கரைக்கு ஓடிவந்தாள். "என்னம்மா, ஆத்துல தண்ணி நெறைய ஓடுதே. எங்க எறைக்கப் போறீங்க?" என்றாள்.

மீட்டரைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள் பிள்ளைகளே. அது எவ்வளவு ஓடியது என்று மட்டும்தான் சொல்லும். என்ன வேலை செய்தது, யாருக்குச் செய்தது என்று வண்டியைப் பிரித்துப் பாருங்கள், விற்கிறவர் முகத்தையும் பாருங்கள். எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது அந்த ஆற்றங்கரைதான்.

ராஜலட்சுமி அம்மா சிரித்தார். கண் நிறைந்துவிட்டது. "எங்கயும் எறைக்கல பாக்கியம்" என்று சொல்லிவிட்டு, கியரை மாற்றினார். "இன்னைக்குத்தான் இது காரா போவுது."