தெசின் சதுப்பில் ஹெலி வந்த காலை

அன்று அங்கே நின்றவர்கள் நாலு பேர். நான். என் மனுசன்... அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, இன்றுவரை. சுவிஸில், பீல் நகரத்தில் அவரோடு ஒரே ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவின தேவராசா. தேவராசாவின் மனுசி ராசமணி.

முதலில் நினைவுக்கு வருவது மணம்தான். வெயிலில் அவிந்த சேற்று மணம். அதற்கு மேலே ராசமணி எங்கள் வான் வண்டிக்குள் பொரித்த மிளகாயின் காரம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரெஸ்ரோரண்டைக் கோடை லீவுக்குப் பூட்டியிருந்தார்கள். முதலாளி மனமிரங்கித் தன்னுடைய வோன்மொபிலைத் தந்தார். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கே இருக்கிற பெரிய வான். ஒரு வீடே ரோட்டில் ஓடுகிற மாதிரி இருக்கும். தேவராசாவிடம்தான் லைசன்ஸ்.

மலையைக் குடைந்த அந்த நீளச் சுரங்கத்தைக் கடந்து தெற்கே தெசின் மாநிலப் பக்கம் இறங்கினால்... சுவிஸ் மாதிரியே இல்லை. புழுக்கம். பனைக்குத் தங்கச்சி முறையான மரங்கள். ஆறு போய் வாவியில் விழுகிற இடத்தில் கண்ணுக்கு எட்டின மட்டும் நாணல். தவளைச் சத்தத்தில் பேச்சுக் கேளாது. ஏதோ ஒரு போர்ட் நட்டிருந்தது. இத்தாலி மொழி. எங்களுக்குத் தெரிந்ததோ குசினியில் பழகின டொச், ஜெர்மன் மொழி மட்டும்.

அடுத்த நாள் காலை ராசமணி பாம்புக்குப் பயந்து வானிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் வரம்பு மாதிரி இருந்த பாதையால் நடந்தோம். சாம்பல் நிற நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. "இஞ்சாரும், அங்க பாரும்" என்று மனுசன் சின்னப்பிள்ளை மாதிரிக் காட்டிக்கொண்டு போனார். அவர் அப்படிச் சிரித்து நான் கனகாலம் காணவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சண்டைக் காலத்தில் ஊரில் ஹெலி வந்து சுட்டதைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காதுக்கு முதல் நெஞ்சுக்குத்தான் கேட்கும்... நாரைகள் ஒரேயடியாக எழும்பின. ஹெலி நாணலின் தலையைத் தொடுகிற மாதிரிப் பதிந்து வந்தது. வயிற்றுக்குக் கீழே என்னவோ தொங்கியது. அதிலிருந்து எதையோ கொட்டிக்கொண்டே வந்தது. தண்ணீரில் சரசரவென்று விழுந்தது. என் தலையிலும் விழுந்தது.

தேவராசா நின்ற இடத்திலேயே குப்புறப் படுத்தார். நானும் விழுந்தேன். மனுசன் மட்டும் நாணலுக்குள் பாய்ந்தார். ஊரில் ஒருமுறை அப்படிச் சுட்டபோது அவரைக் காப்பாற்றினது கடலோரக் கண்டல் பற்றை. கால் அந்தப் பழக்கத்தில் ஓடியிருக்கும்.

ஆளைக் காணவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இஞ்சாரும்... கால் கீழ போகுது."

எட்டிப் பார்த்தால் இடுப்பு மட்டுக்கும் சேறு. அசைய அசைய இன்னும் கீழே. தேவராசா தவழ்ந்து போய்க் கையை நீட்டினார். எட்டவில்லை.

"அக்கா, வானுக்குள்ள கயிறு கிடக்கு. ஓடுங்கோ."

ஓடினேன். ஹெலி திரும்பி வருகிற சத்தம் முதுகில் அடித்தது. வான் கதவு உள்ளால் பூட்டிக் கிடந்தது. கையால் அடித்தேன். காலால் உதைத்தேன்.

"ராசமணி, அவர் தாழுறார். கதவைத் திறக்காட்டிலும் யன்னலால கயித்தை எறி."

யன்னல் திரை கொஞ்சம் விலகியது. அவள் கண் என் கண்ணைப் பார்த்தது. திரையை இழுத்து மூடினாள்.

வந்த வழியே ஓடினேன். ஓடிக்கொண்டே சேலையை உரிந்தேன். நல்ல காலம், நைலெக்ஸ் சேலை, லேசில் கிழியாது. ஒரு தலைப்பைத் தேவராசா தன் இடுப்பில் சுற்றினார். மற்றத் தலைப்பை எறிந்தோம். அதற்குள் சேறு மனுசனுடைய நெஞ்சுக்கு வந்திருந்தது. பிடித்தார். இழுத்தோம்... சேறு விடுகிறதாயில்லை. என்னென்ன தெய்வத்தைக் கூப்பிட்டேனோ. சப்பாத்தை வைத்துக்கொண்டு ஆளை விட்டது.

சத்தம் கேட்டு அந்த ஊர்க்காரர் இரண்டு பேர் தோணியில் வந்தார்கள். நான் பாவாடையோடு நின்றேன். ஒருவர் மற்றப் பக்கம் பார்த்தபடி தன் ஜக்கெற்றைக் கழற்றித் தந்தார். மற்றவர் என் தலைமயிரில் இருந்த குறுணியை எடுத்துக் காட்டி, கையில் கடிக்கிற நுளம்பை அடிக்கிற மாதிரிச் செய்தார்.

நுளம்பு மருந்து. அவ்வளவுதான். மனுசன் அந்தச் சேற்றோடு இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வானுக்குத் திரும்பினால் கதவு திறந்திருந்தது. ராசமணி தேத்தண்ணியோடு நின்றாள்.

"என்னக்கா, இதென்ன கோலம்?"

பிறகு பீலில் ஒரு கலியாண மண்டபம். ஒரு மேசை நிறையச் சனம். நுளம்பு மருந்துக்குப் பயந்து சேற்றுக்குள் பாய்ந்தவரைப் பற்றி அவள் கதை சொன்னாள். "ரெண்டு வெள்ளைக்காரருக்கு முன்னால அக்கா பாவாடையோட நிண்டா" என்றாள். சனம் சிரித்தது. என் மனுசனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பூட்டின கதவு மட்டும் அந்தக் கதையில் வரவில்லை.

போன வருசம் பேத்தி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். இப்போது நல்ல பாதை, பறவை பார்க்கக் கோபுரம். ஒரு பயமுமில்லை. நாரையும் நின்றது. 'அங்க பாரும்' என்று காட்டத்தான் அவர் இல்லை.

தேவராசா ரெலிபோன் எடுத்தார். ராசமணிக்கு ஞாபகம் தவறிக்கொண்டு போகிறதாம். "அவளுக்கு ஒண்டும் தெரியேல்லை அக்கா. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். பாவம், நல்ல மனுசன். என் புருசனை இழுத்தெடுத்த கை அது. அவரைச் சுகம் கேட்டுவிட்டு ரெலிபோனை வைத்தேன்.

கொட்டின ஹெலிக்காரன் மேல் எனக்குக் கோபமில்லை. சிரித்த சனத்தையும் விட்டுவிட்டேன். பயத்தில் கதவைப் பூட்டினதைக்கூட மன்னித்திருப்பேன், நானும் பயந்தவள்தானே. ஆனால் என் கண்ணைப் பார்த்துவிட்டுத் திரையை மூடினாளே...

அவள் மறக்கட்டும். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ராசமணியை மன்னிக்க மாட்டேன்.