இரண்டு மூடி அரிஷ்டம்

'வேண்டாம்' என்ற சொல் என் மச்சினன் தரணீதரன் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பெரியவர்கள் எதை நீட்டினாலும் 'சரிங்க' என்று வாங்கிக்கொள்வான். என் மனைவி சத்யப்பிரியாவுக்கு ஒரே தம்பி. சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிய வீட்டுப் பையன் பைலட் ஆகப் போகிறேன் என்றபோது சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பஸ் லைசென்ஸ் எடு, பிழைத்துக்கொள்ளலாம் என்று புத்தி வேறு சொன்னேன். அதற்கும் 'சரிங்க மச்சான்' என்று சொல்லிவிட்டு வடக்கே போய்ப் படித்துவிட்டு வந்தான்.

படித்து வந்தவனுக்கு ஆறு வருஷம் வேலை கிடைக்கவில்லை. வீரபாண்டியில் என் செக்கிங் யூனிட்டில் பெண்களோடு உட்கார்ந்து பனியனில் ஓட்டை பார்த்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. முப்பத்தொரு வயதில் ஒரு விமானக் கம்பெனியில் கோ-பைலட் வேலை கிடைத்தது. கோயமுத்தூர் விமானம் என்றால் மைக்கைப் பிடித்து, 'வணக்கமுங்க, பெல்ட்டைப் போட்டுட்டு நல்லா சாஞ்சு உக்காந்துக்குங்க' என்பான். ஒரு தடவை அதில் நான் போனேன். பக்கத்து சீட்காரரிடம் 'எம் மச்சினனுங்க' என்று நாலு தடவை சொன்னேன். அந்த மனுஷன் தூங்குவதுபோல் நடித்தான்.

போன தை மாதம் சிவன்மலையில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும் என்பதால் லீவு போட்டு வந்தான். மறுநாள் வீட்டில் கறிவிருந்து. தாய்மாமன் இலை காலியாக இருக்கலாமா என்று ஆளாளுக்கு அள்ளி வைத்தார்கள். அவன்தான் வேண்டாம் சொல்லமாட்டானே, அத்தனையும் தின்றான்.

அதற்கு அடுத்த நாள் காலை பத்தரை மணிக்கு அவனுக்குக் கோயமுத்தூரில் விமானம். காரில் நானே கூட்டிப் போனேன். அதே விமானத்தின் கேப்டன் மெஹ்ஜபினும் வந்தது. காதர்பேட்டை பனியன் வியாபாரி வீட்டுப் பெண், அதுவும் விசேஷத்துக்காக ஊருக்கு வந்திருந்தது. வழியெல்லாம் இரண்டு பேருக்கும் கம்பெனிப் பேச்சுதான். எரிபொருள் விலை ஏறிவிட்டது, சண்டையில் பக்கத்து நாட்டு வானத்தை மூடியதால் சுற்றிப் போய் இன்னும் எரிகிறது, குத்தகைக்கு எடுத்த விமானம் எட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், எலெக்‌ஷன் வந்தால் வரி குறையும் என்று மேலே இருப்பவர்கள் கதை விடுகிறார்கள் என்றெல்லாம் பேசினார்கள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனா? எந்தக் கட்சி வந்து யாருக்கு என்ன கிழித்தது என்று ஆரம்பித்துவிட்டேன். அமெரிக்காக்காரன் வரி போட்டதில் என் யூனிட்டில் பாதி மேஜை காலி. பீகார்ப் பையன்கள் ரயிலேறிப் போய்விட்டார்கள். 'ஆகாசத்துலயும் நம்ம பொழப்புத்தானா!' என்றேன். மெஹ்ஜபின் சிரிக்கவில்லை.

"நாப்பது கோ-பைலட்டை இந்த மாசம் நிறுத்தறாங்கண்ணா. ரெக்கார்டுல சின்னக் கறை இருந்தாலும் அந்தப் பேருதான் மொதல்ல போகும்."

தன் ரெக்கார்டு சுத்தம் என்று தரணி சொன்னான். சொல்லும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கருமத்தம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினேன். போன் வந்ததால் மெஹ்ஜபின் இறங்கித் தள்ளிப் போய்விட்டது. சாப்பிட்டது செரிக்க நான் எப்போதும் காரில் தசமூலாரிஷ்டம் வைத்திருப்பேன். மூடியில் ஊற்றி அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கி, மோந்து பார்த்தான்.

"இதுல ஒண்ணுமில்லீங்களே மச்சான்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்கக்கா பிரசவத்துக்கப்புறம் ஒரு மண்டலம் குடிச்சா. போதை ஏறி ஆடுனாளா? குடி மாப்ள."

'சரிங்க' என்று குடித்தான். இன்னொரு மூடியும் ஊற்றினேன். அதையும் குடித்தான்.

விமானம் ஏறுமுன் அவர்கள் ஒரு மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும். துளி சாராயம் காட்டினாலும் ஏற முடியாது. இது எனக்குத் தெரியும். அரிஷ்டம் என்பதே புளிக்க வைத்துச் செய்வது, அதில் சாராயம் தானாக ஊறும் என்பதுதான் எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசியே வளர்ந்த வாய் இது.

இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, விமானம் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஏர்போர்ட் வாசலுக்கு அவன் பெட்டியோடு திரும்பி வந்தான். இரண்டு தடவை ஊதச் சொன்னார்களாம், இரண்டு தடவையும் காட்டியதாம். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "ஊட்டுக்குப் போலாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தினார்கள். பத்தாம் நாள் கம்பெனி வெளியிட்ட நாற்பது பேர் பட்டியலில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு சென்னை ஆபீசுக்குப் போய், கொடுத்தவன் நான்தான் என்று கத்தினேன். அங்கிருந்த அதிகாரி சத்தம் போடாமல் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். 'வயிற்று வலிக்காக நானே கடையில் வாங்கிக் குடித்தேன்' என்று தரணி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஏன்டா அப்படி எழுதினாய் என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா உங்ககூட இருக்கோணுமில்லீங்க மச்சான்."

மூன்று மாதம் முடிந்துவிட்டது. எங்கே மனுப் போட்டாலும் அந்தக் கறையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் விடுகிறார்கள். இப்போது மறுபடியும் என் யூனிட்டில் பனியனில் ஓட்டை பார்க்கிறான். பார்க்கிற அளவுக்கு அங்கே பனியனும் வருவதில்லை. மெஹ்ஜபின் எப்போதாவது பேசும். அதையும் சம்பளமில்லாத லீவில் அனுப்பிவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். கடையில் வாங்கிக் குடித்தேன் என்றே அக்காவிடமும் அவன் சொல்லி வைத்திருக்கிறான். பரிமாறும்போதெல்லாம் சத்யாவுக்குத் தம்பி கதி நினைவுக்கு வந்துவிடும்.

"எங் கண்ணுக்கு அதைக் குடுத்தவன் கை வெளங்காமப் போகோணும்" என்பாள்.

"அப்பிடிச் சொல்லாதக்கா" என்பான் அவன்.

நான் குனிந்து அந்தக் கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். அவள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.