கேசட் அட்டையில் நான் மாற்றிய எழுத்து

நான் அஞ்சாவதுக்கு மேல் படிக்கலை. எழுத்து கோணலா வரும், சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கிடுங்க. வருசமும் சரியா ஞாபகமில்லை. ரெண்டாயிரம் பிறந்து நாலஞ்சு வருசம் ஆகியிருக்கும்.

என் கொழுந்தன் சிவகாசியில் கேசட் கம்பெனி வச்சிருந்தார். கம்பெனின்னா மாடியில் ஒரு ரூம், காப்பி எடுக்கிற மெஷின் ரெண்டு, அம்புட்டுத்தான். கும்மிப்பாட்டு, முளைப்பாரிப் பாட்டெல்லாம் மதுரையில் ரெக்கார்டு பண்ணிட்டு வருவார். அட்டையை மடிச்சு டப்பாவுக்குள் சொருகுறது என் வேலை. தீப்பெட்டி ஒட்டிப் பழகின கை, வேகமா ஓடும். ஆடியில் இருக்கன்குடி கோயில் கடைகளுக்குத்தான் பெரிய லோடு போகும்.

கம்பெனிக்குப் பேர் வாங்கிக் குடுத்தது ஒரு பொம்பளையோட குரல். பட்டாசு ஆலையில் திரி வெட்டுறவ. புருசன் விட்டுட்டுப் போயி, ஒத்தையா மகளை வளர்த்துக்கிட்டிருந்தா. முதல் கேசட்டில் ‘குழுவினர்’னு மட்டும்தான் போட்டோம். அடுத்ததில் அவ பேரைப் போடுறோம்னு கொழுந்தன் சொன்னதும், ஆலை வேனை விட்டு இறங்கி நேரா எங்கிட்ட வந்தா.

“யக்கா, பேருக்கு முன்னால எங்கப்பா எழுத்து வரணும். ‘கா’. மறந்துறாதீக.”

“ஏன், கட்டுனவன் எழுத்து என்ன செஞ்சுச்சு?”

“அது ரேசன் கார்டுல கெடக்கட்டும். பாடுறது என் தொண்டைதானக்கா.”

சிரிச்சுட்டு, சரின்னு சொன்னேன்.

மதுரைக்குக் கிளம்பும்போது கொழுந்தன், “மதினி, பாடுறவுக பேரைச் சீட்டுல எழுதி பிரஸ்ல குடுத்துருங்க”ன்னார். சீட்டில் நான் ‘மு’ன்னு எழுதினேன். அது அவ புருசன் எழுத்து. மறதியில் எழுதலை. தாலி கழுத்தில் கிடக்க அப்பன் எழுத்தைப் போட்டா வாங்குற சனம் என்ன பேசும், அவ நல்லதுக்குத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எனக்கு ஒருநாளும் கேட்கத் தோணாததை அவ கேட்டுட்டாளேங்கிற காந்தலும் உள்ளே இருந்துச்சு.

அது தீவாளிப் பட்டாசு லேபிள் அடிக்கிற சீசன். எங்க அட்டைக்குன்னு பிரஸ்காரர் தனியா மெஷின் ஓட்ட மாட்டார். ராக்கெட் லேபிள் அடிக்கிற ஷீட்டில் மிச்சம் கிடக்கிற ஓரத்தில் சேர்த்து அடிச்சுக் குடுப்பார். அடிச்சது அடிச்சதுதான்.

அட்டையைக் கையில் வாங்கினவ அந்த ‘மு’ மேல விரலை வச்சா.

“இது யாரு செஞ்சதுக்கா?”

“பிரஸ்ல மாத்திட்டாக போல”ன்னேன். கொழுந்தன் போய் அந்த மனுசரோட சண்டை போட்டுட்டு வந்தார். அப்பவும் நான் வாயைத் திறக்கலை.

கோயில் திருவிழா முடிஞ்ச மறு வாரம் அந்தப் புருசன் வந்து சேர்ந்தான். கேசட்டைச் சட்டைப்பையில் வச்சுக்கிட்டு டீக்கடை டீக்கடையா, “என் எழுத்தைப் போட்டுத்தானலே பாடுறா. அப்ப நான் யாரு?”ன்னு காட்டியிருக்கான். ஊர்ப் பெரியாளுகளும் அட்டையைப் பார்த்துட்டு, “நீயே போட்டிருக்கயே தாயி, சேர்த்துக்க”ன்னுட்டாக. சேர்த்துக்கிட்டா. அதுக்கப்புறம் அவன் அவளை ரெக்கார்டிங்குக்கு அனுப்பலை. “ஆம்பளைக கூட மதுரைக்கு என்ன சோலி?”ன்னானாம்.

கொழுந்தன் வேற ரெண்டு பேரைப் பாட வச்சுப் பார்த்தார், எடுபடலை. ரூமைக் காலி பண்ணினார். சிடி வந்ததால கம்பெனி மூடிப்போச்சுன்னு இன்னைக்கும் சொல்றார். நானும் இத்தனை காலம் தலையை ஆட்டிக்கிட்டு இருந்துட்டேன்.

அவ இப்போ மக வீட்டில் இருக்கான்னு கேள்வி. நேரில் போய்ச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பலை, அதான் எழுதுறேன். அந்தத் தீவாளிக்கு மறுபடி அட்டை அடிச்சப்போ எழுத்தைத் திருத்திட்டதா கொழுந்தன் ஒருதரம் சொன்னார். அந்த லோடை நான் மடிக்கலை, கண்ணாலயும் பார்க்கலை. மஞ்சள் சேலை கட்டின அம்மன் படம் போட்ட அட்டை. யார் வீட்டிலாவது அந்தக் கேசட் கிடந்தா, என்ன வருசம்னும் பேருக்கு முன்னால என்ன எழுத்துன்னும் பார்த்துச் சொல்லுங்க. ‘மு’ன்னே இருந்தாலும் எங்கிட்ட மறைக்க வேண்டாம்.